உரசலைத் தாங்கினால் போதுமா? அடியையும் தாங்க வேண்டாமா?

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வரை எந்தச் சாலையில் போனாலும் இரண்டு பக்கமும் செம்பனைதான் நிற்கிறது. நம் நாட்டில் செம்பனை வாணிபப் பயிராக முதன்முதலில் நடப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான். 1917-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொகோனியே, அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில் அதை நட்டார். தென்னை மரத்தை நினைவூட்டும் பெயருள்ள தோட்டத்தில் செம்பனை வேர் விட்டது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

குலை வெட்டுபவரின் உழைப்பைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வெட்டிய குலை ஆலைக்குப் போன பிறகு அதை அரைத்துப் பிழியும் இரும்பு படும் பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த இரும்பு தேய்ந்தால் எண்ணெய் வீணாகும், உடைந்தால் வேலை நிற்கும். உடைந்த துண்டு பறந்தால் பக்கத்தில் நிற்கும் பிட்டரின் கண்ணுக்கே ஆபத்து. ஆகவே அந்த இரும்புக்கு மேலே போடப்படும் கடினமான கவசப் பூச்சையும், அது எத்தனை அடி தாங்கும் என்று சோதிக்கும் முறைகளையும் இன்று விளக்கமாகப் பார்ப்போம். நான் பொறியியல் படித்தவரல்ல. படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வீட்டுப் பேச்சில் சொல்லப் போகிறேன்.

ஆலைக்குள் இரண்டு விதமான சேதம்

ஆலைக்கு வரும் குலையை முதலில் நீராவியில் அவிக்கிறார்கள். பிறகு பழத்தை உதிர்த்து, சூடாகப் பிசைந்து, திருகு அழுத்தி என்ற இயந்திரத்துக்குள் அனுப்புகிறார்கள். துளைகள் நிறைந்த ஓர் இரும்புக் கூண்டுக்குள் இரண்டு பெரிய திருகுகள் சுழன்று பழத்தை நசுக்கும். எண்ணெய் துளை வழியாக வெளியேறும். நாரும் கொட்டையும் சக்கையாக முனையில் வந்து விழும்.

பழத்தோடு தோட்டத்து மணலும் உள்ளே போகிறது. செம்பனை நாரிலேயே சிலிக்கா என்ற மணற்சத்து நுண்ணிய துகள்களாக இருக்கிறது. மணலின் கடினம் விக்கர்ஸ் அளவில் ஏறக்குறைய 1,100. சாதாரண மிருதுவான எஃகு 150-ஐத் தாண்டாது. நன்றாகப் பதப்படுத்திய கருவி எஃகுகூட 850 அளவில்தான் நிற்கிறது. மணலை எதிர்த்து எஃகு ஏன் தோற்கிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. திருகின் விளிம்பு தேயத் தேய, அதற்கும் கூண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாகிறது. பிழியப்பட வேண்டிய எண்ணெய் நாரிலேயே தங்கிவிடுகிறது. தேய்ந்த இரும்புத் துகளும் எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெயில் இரும்பு கலந்தால் அது காற்றோடு சேர்ந்து சீக்கிரம் கெட்டுப் போகும். இது உரசலால் வரும் சேதம்.

அடுத்தது கொட்டை உடைக்கும் இடம். ரிப்பல் மில் என்று ஆலையில் சொல்வார்கள். வட்டமாகப் பொருத்தப்பட்ட இரும்புக் கம்பிகள் வேகமாகச் சுழன்று, வரி வரியாகப் பள்ளமிட்ட தகட்டின் மீது கொட்டையை மோதி உடைக்கும். இங்கே முக்கியமான எதிரி உரசல் அல்ல, அடிதான். சுழலி நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றுகிறது என்றும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கம்பிக்கு ஓர் அடி விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 60,000 அடி. ஆலை 20 மணி நேரம் ஓடினால் 12 லட்சம் அடி. எந்தப் பூச்சுக்கும் இது பெரிய சோதனைதான்.

அப்பளமும் சோறும்

கடினமான பொருள் எல்லாம் உறுதியான பொருள் என்று நாம் நினைக்கிறோம். கண்ணாடி இரும்பைவிடக் கடினமாக இருக்கலாம். ஆனால் கீழே போட்டால் எது உடைகிறது? கடினம் என்பது கீறலை எதிர்க்கும் குணம். அடியைத் தாங்கி விரிசல் விடாமல் நிற்பது வேறு குணம். ஒன்று கூடினால் மற்றொன்று குறைவது உலோகங்களில் அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொரித்த அப்பளத்தைக் குழைந்த சோற்றின் மேல் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். உடனே நொறுங்கும். அதே அப்பளத்தை வழவழப்பான கல்லின் மேல் பரப்பி அழுத்தினால் கூடுதலாகத் தாங்கும். அப்பளம் மாறவில்லை, அடியில் இருப்பதுதான் மாறியது. கவசப் பூச்சும் அப்படித்தான். தங்க நிறத்தில் கடைகளில் தொங்கும் துளைக் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு என்ற பூச்சினுடையது. அதன் கடினம் 2,000-க்கும் மேல். ஆனால் கனம் 2 முதல் 4 மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. கீழே உள்ள எஃகு மிருதுவாக இருந்தால், அடி விழும்போது எஃகு குழிந்துவிடும். மேலே உள்ள பூச்சு அதோடு சேர்ந்து வளைய முடியாமல் வெடித்துவிடும். ஆகவே பூச்சை மட்டும் விலை பேசுவது பாதி வியாபாரம். அடித்தளமாக எந்த எஃகு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

உடைந்த பூச்சினால் இன்னொரு தொல்லையும் உண்டு. உதிர்ந்த துகள் எஃகைவிடக் கடினமானது. அது இயந்திரத்துக்குள்ளேயே உருண்டு, மணலைவிட மோசமாக அரைக்கத் தொடங்கும். காவலுக்கு வைத்த ஆளே களவுக்குத் துணைபோன கதை அது.

இரும்புக்கும் சோர்வு வரும்

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் உடைந்துவிடும். ஒரே அடியில் உடைக்க முடியாததைச் சிறு அடிகள் பல சேர்ந்து உடைத்துவிடும். இதைத்தான் உலோகச் சோர்வு என்கிறார்கள்.

உலகம் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் இயந்திர அச்சு முறிந்தது. தடம் புரண்ட பெட்டிகள் தீப்பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பிறகு ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே பொறியாளர், அச்சுகளைச் சுழற்றி மீண்டும் மீண்டும் பாரம் ஏற்றிச் சோதித்தார். எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்றில் முறிகிறது என்று கணக்கெடுத்தார். பாரத்தைக் குறைத்தால் ஆயுள் கூடுவதையும், ஓர் எல்லைக்குக் கீழே எஃகு அச்சு கிட்டத்தட்ட முறியாமலே ஓடுவதையும் காட்டினார். அவர் வகுத்த வழியில்தான் இன்று பூச்சுகளையும் சோதிக்கிறார்கள்.

ஒரு பூச்சைச் சோதிக்கும் நான்கு வழிகள்

முதலாவது, மணல் சோதனை. ஏ.எஸ்.டி.எம். ஜி 65 என்பது இதன் அனைத்துலகப் பெயர். விளிம்பில் ரப்பர் பூட்டிய ஒரு சக்கரம் சுழலும். அதற்கும் சோதனைத் துண்டுக்கும் நடுவே உலர்ந்த மணல் சீராக விழுந்துகொண்டே இருக்கும். துண்டின் எடையை முன்பும் பின்பும் நிறுத்தால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். திருகு அழுத்தி போன்ற உரசல் வேலைக்கு இது நல்ல அளவுகோல். அடி வாங்கும் கம்பிக்கு இது மட்டும் போதாது.

இரண்டாவது, கீறல் சோதனை. வைர முனை ஒன்றைப் பூச்சின் மேல் வைத்து, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இழுப்பார்கள். எந்தப் பாரத்தில் பூச்சு விரிசல் விடுகிறது, எந்தப் பாரத்தில் பெயர்ந்து வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பூச்சு எஃகோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்று இது காட்டும்.

மூன்றாவது, பதிவுச் சோதனை. கூம்பு வடிவ வைரத்தை 150 கிலோ பாரத்தில் ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். பிறகு அந்தக் குழியைச் சுற்றியுள்ள இடத்தை உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். மெல்லிய விரிசல் கோடுகள் மட்டும் இருந்தால் தேர்ச்சி. குழியைச் சுற்றிப் பூச்சு உரிந்து வந்திருந்தால் தோல்வி. ஜெர்மனியின் வி.டி.ஐ. 3198 என்ற விதியில் இதற்கு ஆறு படிகள் உண்டு. முதல் நான்கு ஏற்கத்தக்கவை, கடைசி இரண்டும் தள்ளுபடி. செலவு குறைவு, சில நிமிட வேலை. ஆனாலும் இது ஒரே ஓர் அழுத்துதான். நாள்தோறும் லட்சக்கணக்கில் அடி வாங்கும் பொருளைப் பற்றி ஓர் அழுத்து என்ன சொல்லிவிட முடியும்?

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் நான்காவது, தொடர் மோதல் சோதனை. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆகன் நகரில் ஆய்வாளர் நோடெக்கும் அவருடைய குழுவினரும் மெல்லிய பூச்சுகளுக்கென இதை அமைத்தனர். கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி பல்கலைக்கழகத்தில் பூசாக்கிஸ் குழுவினர் இதை மேலும் வளர்த்தனர். சில மில்லிமீட்டர் அளவுள்ள கடினமான கார்பைடு குண்டு, பூச்சின் மேல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கும். வினாடிக்கு 50 அடி என்றால், பத்து லட்சம் அடியை முடிக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாடு கழித்து முடிவு கைக்கு வந்துவிடும்.

அடித்த இடத்தில் விழும் குழியைப் படிப்பதில்தான் திறமை இருக்கிறது. குழியின் நடுவில் பூச்சு நசுக்கப்படுகிறது. விளிம்பில் அது இழுக்கப்படுகிறது. கடினமான பொருள் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே விளிம்பில்தான் வட்ட வட்டமாக விரிசல் தொடங்கும். பூச்சு தனக்குள்ளேயே சில்லு சில்லாக உடைந்தால் குறை பூச்சில் இருக்கிறது. எஃகு வெளியே தெரியும்படி மொத்தமாகப் பெயர்ந்தால் குறை ஒட்டுதலில் இருக்கிறது. குழி மட்டும் ஆழமாகிக்கொண்டே போனால் அடித்தள எஃகு மிருதுவாக இருக்கிறது என்று பொருள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே மாத்திரை கொடுப்போமா?

பாரத்தைக் கூட்டியும் குறைத்தும் பல இடங்களில் அடித்துப் பார்த்தால், எவ்வளவு பலமான அடியை எத்தனை தடவை தாங்கும் என்று ஒரு கோடு வரையலாம். வோலர் ரயில் அச்சுக்கு வரைந்த அதே வகைக் கோடுதான் அது.

மன்றத்தில் எழுந்த கேள்விகள்

"ஆலைத் திருகுக்குக் கடினமான வெல்டிங் பூச்சு போட்டால், ஆறும்போது குறுக்கே கோடு கோடாக விரிசல் விழுகிறது. வெல்டர் வேலை தெரியாதவரா?" என்று ஒரு நேயர் கேட்டார்.

அவசரப்பட்டு அவரைக் குறை சொல்ல வேண்டாம். குரோமியம் கார்பைடு மிகுந்த பூச்சு ஆறும்போது சுருங்கும். அது வளையாத பொருள் என்பதால் குறுக்கே விரிசல் விட்டுத் தன் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்கிறது. இது அந்த வகைப் பூச்சின் இயல்பு. விரிசல் பூச்சுக்கும் எஃகுக்கும் நடுவே பக்கவாட்டில் ஓடினாலோ, அடித்தள எஃகுக்குள் இறங்கினாலோதான் ஆபத்து. அதைத் தடுக்க, வளைந்து கொடுக்கும் உலோகத்தில் முதலில் ஒரு மெத்தை அடுக்கு போட்டு, அதன் மேல் கடினமான அடுக்கைப் போடுவார்கள். கடினமான அடுக்கை இரண்டு மூன்றுக்கு மேல் ஏற்றுவதும் வழக்கமில்லை. கனம் கூடினால் பெயர்ந்து விழும் வாய்ப்பும் கூடும்.

"அடி விழும் இடத்துக்கு எதைத்தான் போடுவது?" என்பது அடுத்த கேள்வி.

இதற்கு விடை நம் வட்டாரத்துப் பழைய தொழிலிலேயே இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை ஈயக் கப்பல்கள் ஓடிய ஊர். 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு அந்தத் தொழிலே ஒடுங்கிப் போனது. பாறையும் மணலும் அள்ளும் அப்படிப்பட்ட வாளிகளுக்கு உலகெங்கும் கைகொடுத்தது மாங்கனீசு எஃகு. 1882-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்தது அது. வார்த்தெடுக்கும்போது அவ்வளவு கடினமாக இருக்காது. அடி வாங்க வாங்க அதன் மேற்புறம் இறுகிக்கொண்டே போகும், உட்புறம் உடையாமல் தாங்கும். பலமான அடி விழும் இடத்துக்கு இந்த வகைப் பொருள் ஏற்றது. அடியில்லாமல் வெறும் உரசல் மட்டும் இருந்தால் அது இறுகாது, வீணாகத் தேயும். இடமறிந்து பொருள் போட வேண்டும் என்பதே இதன் பாடம்.

"குலை வெட்டும் உளிக்கும் அரிவாளுக்கும் இந்தப் பூச்சு உதவுமா?" என்று ஓர் அம்மா கேட்டார்.

செம்பனைத் தோட்டத்தில் நமக்குத் தொல்லை தரும் எலியின் பல்லைப் பாருங்கள். முன்பற்களின் முன்பக்கத்தில் மட்டும் கடினமான எனாமல் இருக்கிறது, பின்பக்கம் மிருதுவானது. கொறிக்கும்போது பின்பக்கம் முதலில் தேய்வதால் முன்விளிம்பு எப்போதும் கூராகவே இருக்கிறது. சில வெட்டுக் கருவிகளில் ஒரு பக்கம் மட்டும் கடினப் பூச்சு போடுவது இதே தத்துவத்தில்தான். ஆனால் உளி மட்டையைக் குத்தித் தள்ளும் கருவி. அதற்கு அடி தாங்கும் குணம் முதலில் வேண்டும். அளவுக்கு மீறிக் கடினமாக்கினால் முனை சில்லு விடும். சில்லு விட்ட உளி வழுக்கினால் காயம் நமக்குத்தான்.

நம் பட்டறைகள் செய்யக் கூடியது

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப எல்லாருக்கும் வசதி இருக்காது. சோதனை என்றாலே லட்சக்கணக்கில் செலவு என்று பயப்படவும் வேண்டாம். திருகைப் பொருத்தும் முன் எடை போடுங்கள். கழற்றிய பிறகு கழுவி, உலர்த்தி மறுபடியும் எடை போடுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரிப்பல் மில்லில் பாதிக் கம்பிகளுக்கு ஒரு வகைப் பூச்சும் மறு பாதிக்கு இன்னொரு வகையும் போட்டு, அடையாளமிட்டு, ஒரே காலம் ஓட விட்டு ஒப்பிடலாம். எதிரெதிர்க் கம்பிகளின் எடை சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுழலி ஆட்டம் காணும். பார்ப்பதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டுவிட வேண்டும்.

பூச்சு விற்க வருபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். கனம் எவ்வளவு? அடித்தள எஃகு எந்த வகை, அதன் கடினம் எவ்வளவு? எந்தச் சோதனையில் தேறியது? அந்தச் சோதனை உரசலுக்கா, அடிக்கா? "ரொம்பக் கெட்டி, பயப்படாதீர்கள்" என்ற பதிலை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

ஆலைகளுக்குப் பழுது பார்க்கும் சிறு பட்டறைகளை நம்மவர்கள் பலர் நடத்துகிறார்கள். கைவேலையில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்களல்லர். ஆனால் ஒப்பந்தம் பேசும் மேசையில் கைத்திறனோடு காகிதமும் பேசுகிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை கிராம் தேய்ந்தது என்ற பதிவைக் காட்டும் பட்டறைக்கு மதிப்பு கூடும்.

வெல்டிங் செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. குரோமியம் மிகுந்த பூச்சை உருக்கும்போது எழும் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கலாம். அது புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங் புகை முழுவதையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வகையில் 2017-இல் சேர்த்தது. ஆகவே புகையை உறிஞ்சி வெளியேற்றும் வசதியும் தகுந்த முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். முகத்தில் சுற்றிய துண்டு இந்தப் புகையைத் தடுக்காது. இரும்புக்குக் கவசம் போடுபவருக்கே கவசம் இல்லை என்றால் அது என்ன நியாயம்?

பெற்றோர்களே, பொருட்களைச் சோதிப்பது ஒரு தனித் தொழில். வெல்டிங் தரப் பரிசோதனை, பொருளியல் ஆய்வு, இயந்திரப் பராமரிப்பு என்று அதில் பல கிளைகள் உண்டு. ஷா ஆலாமில் சிரிம் நிறுவனம் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவிலேயே யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. தொழில்திறன் கல்லூரிகளும் உண்டு. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை இயந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பதில் ஆர்வம் காட்டினால், "கையில் கிரீஸ் படும் வேலை உனக்கெதற்கு?" என்று தடுக்காதீர்கள். ஏன் உடைந்தது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எந்த ஆலையிலும் இடம் உண்டு.

செம்பனை இந்த மண்ணுக்கு வந்து நூறு ஆண்டு கடந்துவிட்டது. நம் முன்னோர் தோளில் சுமந்த தொழில் இது. அடுத்த தலைமுறை அதை அளந்தும் சோதித்தும் நடத்தட்டும்.